தங்கவயல் பொண்ணு சுரங்கத்துக்குள்ள இறங்கணும்னா

போன வாரம் சித்தி பொண்ணு போன் பண்ணா. பத்தாவது ரிசல்ட் வந்தாச்சாம். "அக்கா, என் கூடப் படிச்சவளுங்க எல்லாம் இன்னும் அஞ்சு வருஷத்துல மாரிக்குப்பம் ரயிலைப் பிடிச்சு பெங்களூரு வேலைக்குப் போயிடுவாளுங்க. எனக்கு உன்ன மாதிரி கீழ இறங்கணும். என்ன பண்ணணும்?" போன்ல சொல்லி மாளல. அதான் எழுதறேன். கோலார் தங்கவயல்ல லைன் வீட்டுல பொறந்து, சயனைட் மேட்டு மண்ணு (தங்கம் பிரிச்செடுத்த அப்புறம் கொட்டின கழிவு மண்ணு) காத்துல பறக்கறதைப் பாத்து வளந்த எல்லா தங்கச்சிங்களுக்கும் சேத்துதான்.

முதல் வேலை, பாட்டிகிட்ட பேசறது. படிப்பை விட அதுதான் கஷ்டம். எங்க தாத்தா சாம்பியன் ரீஃப்ல மெஷின்மேன். பாறையில துளை போடற வேலை. அவர் எக்ஸ்ரே இன்னும் டிரங்குப் பெட்டியில காக்கி கவர்ல இருக்கு. நான் மைனிங் எடுக்கறேன்னு சொன்ன அன்னிக்கு பாட்டி பேசவே இல்ல. அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுக் காட்டினாங்க. நெஞ்சு முழுக்க வெள்ளைப் புள்ளி, பாறைத் தூசி நுரையீரல்ல படிஞ்ச அடையாளம். "இப்ப எல்லாம் மாறிடுச்சு பாட்டி"ன்னு மொட்டையா சொன்னா எடுபடாது. விவரமா சொல்லு: இப்ப தண்ணி பாய்ச்சிக்கிட்டேதான் துளை போடணும், தூசியை அளந்து எழுதணும், வேலைக்குச் சேரும்போதும் அப்புறம் அஞ்சு வருஷத்துக்குள்ள ஒரு தடவையும் மார்பு எக்ஸ்ரே, நுரையீரல் பரிசோதனை கட்டாயம். எங்க பாட்டி ஒத்துக்க நாலு மாசம் ஆச்சு. "அந்த எக்ஸ்ரேவை எங்கிட்டயும் காட்டணும்"னு கண்டிஷன். இன்னிக்கும் காட்டறேன்.

படிப்புக்கு ஊரை விட்டுப் போக வேண்டியதே இல்ல. சுரங்கம் 2001 பிப்ரவரி 28ல மூடிட்டாங்க, எனக்கு அப்ப மூணு வயசு. சுரங்கப் படிப்பு மட்டும் ஊர்ல தங்கிடுச்சு. உரிகம் ஸ்கூல் ஆஃப் மைன்ஸ்ல மைனிங் டிப்ளமோ மூணு வருஷம், பத்தாவது முடிச்சாலே சேரலாம். அதுக்கப்புறம் டிசிஇடி (டிப்ளமோ முடிச்சவங்களுக்கான கர்நாடக நுழைவுத் தேர்வு) எழுதினா பி.இ. ரெண்டாவது வருஷத்துல நேரா உக்காந்துடலாம். நான் போன வழி அதுதான். பியூசி (பிளஸ் டூ) வழியா போறவ, மாநில நுழைவுத் தேர்வான சிஇடி எழுதினா சூரத்கல் என்.ஐ.டி. மாதிரி இடம் கிடைக்கும்னு நினைக்காதே, அதுக்கு தேசிய அளவுல நடக்கற ஜேஇஇ எழுதணும். பி.இ. கடைசி வருஷம் கேட் (மேல்படிப்புக்கும் அரசு நிறுவன வேலைக்கும் உதவற தேர்வு) எழுது. அதுல மைனிங்குக்குன்னே தனித்தாள் இருக்கு.

சட்டம் பத்தி ஒண்ணு தெரிஞ்சுக்க. 1952 சுரங்கச் சட்டப்படி பொண்ணுங்க நிலத்தடியில வேலை செய்யவே கூடாதுன்னு இருந்துச்சு. 1990கள்ல நாக்பூர்ல சந்திராணி பிரசாத் வர்மா மைனிங் சீட்டுக்கே கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்துச்சு. 2019 ஜனவரியில அரசாங்கம் விலக்கு கொடுத்துச்சு: தொழில்நுட்பம், மேற்பார்வை, நிர்வாக வேலைக்கு காலை 6லருந்து சாயங்காலம் 7 வரைக்கும் பொண்ணுங்க கீழ இறங்கலாம், அவங்க எழுத்துல ஒப்புதல் கொடுக்கணும், தனியா அனுப்பக் கூடாது, இதெல்லாம் அப்ப வந்த விதி. அந்தச் சேதி வந்தப்ப நான் மூணாவது வருஷம். கிளாஸ்ல நாங்க ரெண்டே பொண்ணுங்க. பசங்கதான் கேன்டீன்ல டீ வாங்கிக் கொடுத்தாங்க. 2021ல ஜார்க்கண்ட்ல ஆகாங்க்ஷா குமாரின்னு ஒரு மைனிங் இன்ஜினியர், அரசு நிலக்கரி நிறுவனமான கோல் இந்தியாவோட சுரி நிலத்தடிச் சுரங்கத்துல சேந்தாங்க. அந்தப் பேப்பர் கட்டிங்கை பாட்டிதான் வெட்டி வச்சாங்க.

இப்ப சொல்லப் போறதை ரெண்டு தடவை படி. வேலை கிடைச்சதும் உன்னை மேல உக்கார வைப்பாங்க. கெட்ட எண்ணத்துல இல்ல, பாசத்துலதான். "உனக்கு எதுக்கும்மா கீழ, பிளானிங்ல ஏசி ரூம் இருக்கு." என் முதல் கம்பெனியில ஒன்பது மாசம் கம்ப்யூட்டர்ல வரைபடம் போட்டேன். சம்பளம் வந்துச்சு, சந்தோஷமா இருந்தேன். அப்புறம்தான் உறைச்சுது. சுரங்கத்தைப் பொறுப்பெடுத்து நடத்தணும்னா மேனேஜர் சர்டிபிகேட் வேணும், அதுல ரெண்டு வகை. 'ரெஸ்ட்ரிக்டட்'னு முத்திரை குத்தினது திறந்தவெளிச் சுரங்கத்துக்கு மட்டும்தான் செல்லும். அந்த முத்திரை இல்லாதது வேணும்னா, நிலத்தடியில வேலை செஞ்ச அனுபவத்துக்கு கையெழுத்து வேணும். கூடப் படிச்ச பசங்க அந்த ஒன்பது மாசமும் கீழ இருந்தாங்க. என் ஒன்பது மாசம் அந்தக் கணக்குல பூஜ்யம்.

அதனால சேர்ற அன்னிக்கே எழுதிக் கொடு: பயிற்சி நிலத்தடியில வேணும்னு. வாயால கேக்காதே, மெயில் போடு. கீழ போற ஒவ்வொரு நாளும் ஹாஜர் பதிவேட்டுல உன் பேர் ஏறியிருக்கான்னு பாத்துட்டு வா. நான் ஒரு சின்ன டைரி வச்சிருக்கேன்: தேதி, லெவல் (கீழ எந்தத் தளம்), என்ன வேலை, எந்த ஃபோர்மேன். மாசக் கடைசியில அவங்ககிட்ட கையெழுத்து. ஆரம்பத்துல சிரிச்சாங்க. இப்ப புதுசா வர்ற பசங்களும் டைரி வாங்கிட்டாங்க.

சாமான் விஷயம். ஸ்டோர்ல இருந்த சின்ன பூட்ஸ் ஏழாம் நம்பர், என் கால் நாலு. ரெண்டு சாக்ஸ் போட்டு, முன்னாடி துணி அடைச்சு, முதல் வாரமே குதிகால் தோல் உரிஞ்சு போச்சு. நேர்முகத் தேர்வு முடிஞ்சதும் உன் கால் நம்பரை எழுதிக் கொடுத்துடு, வர நாளாகும். இடுப்பு பெல்ட்டுல விளக்கு பேட்டரியும் செல்ஃப் ரெஸ்க்யூவரும் (விஷவாயு வந்தா மாட்டிக்கற மூச்சுக் கருவி) தொங்கும். பெல்ட்டுல கூடுதலா ரெண்டு ஓட்டை போட்டுக்க. ஜடை போடாதே, கொண்டையா முடிஞ்சு தொப்பிக்குள்ள தள்ளு. கொலுசு, வளையல், துப்பட்டா எதுவும் கேஜ் (நம்மளைக் கீழ இறக்கற லிஃப்ட்) பக்கம் வரக் கூடாது. கழிப்பறை கீழ எந்த லெவல்ல இருக்குன்னு முதல் நாளே கேளு. வெக்கப்படாதே. நான் வெக்கப்பட்டு தண்ணி குடிக்காம இருந்து, அந்தப் புழுக்கத்துல மயங்கி விழுந்தேன். தண்ணி பாட்டில் காலியாகித்தான் மேல வரணும்.

கீழ போனா முதல்ல கத்துக்க வேண்டியது காது. வெடி வெச்சு முடிச்ச இடத்துல நுழையறதுக்கு முன்னாடி, பத்திரமான கூரைக்குக் கீழ நின்னுக்கிட்டு, நீளமான கடப்பாரையால எதிர்ல இருக்கற பாறையைத் தட்டிப் பாக்கணும். கணீர்னு கேட்டா பாறை கெட்டி. தொப்புனு கேட்டா உள்ள பாறை பிளந்து பிடி விட்டுப் போயிருக்கு, அதை இடிச்சு இறக்கற வரைக்கும் ஒரு அடி முன்னாடி வைக்காதே. மொத ஒரு மாசம் எனக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் கேட்டுச்சு. எங்க ஃபோர்மேன் அண்ணன் விளக்கை அணைக்கச் சொல்லுவார். இருட்டுல அவர் தட்ட, நான் சொல்லணும்.

நீ இப்பவே பழகலாம். பாட்டி சந்தையில மண்பானை வாங்கப் போகும்போது கூடப் போ. விரலை மடக்கி ஒவ்வொண்ணாத் தட்டிப் பாப்பாங்க இல்ல, அப்ப கண்ணை மூடிக்க. விரிசல் விட்ட பானையை அவங்க ஒதுக்கறதுக்கு முன்னாடி நீ சொல்லிட்டேன்னா எனக்கு போன் பண்ணு.