பழைய டிரைவர் டிஸ்க்குகளை வீசிப் பார்த்து வரிசைப்படுத்துவது எப்படி

அமெரிக்காவிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்த பழைய டிஸ்க் கோல்ஃப் டிரைவர்கள் (தட்டு வீசி விளையாடும் டிஸ்க் கோல்ஃபில் தூர வீச்சுக்கான தட்டுகள்) நாலைந்து உங்களிடம் சேர்ந்துவிட்டதா? டிஸ்க் எப்படிப் பறக்கும் என்று தயாரிப்பு நிறுவனமான இன்னோவா சொல்லும் நாலு எண்களில் கடைசி இரண்டை அப்படியே நம்பாதீர்கள். டீபேர்டு என்ற மாடலுக்கு 7, 5, 0, 2 என்றால் வேகம், மிதப்பு, பாதி வழியில் வலது பக்கம் எவ்வளவு சாயும், கடைசியில் இடது பக்கம் எவ்வளவு விழும் என்று அர்த்தம் (வலதுகை பேக்ஹேண்ட், அதாவது கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய் வீசும் வீச்சுக்கு; இடதுகைக்காரர்கள் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்). அது புது டிஸ்க்கின் கணக்கு. மரத்தில் மோதி மோதி விளிம்பு தேய்ந்தபின் அதே டிஸ்க் வலது பக்கம் சாய ஆரம்பித்துவிடும். இன்னோவாவின் பிளாஸ்டிக் வகைகளில் டிஎக்ஸ் சீக்கிரமே மாறும், சாம்பியன் லேசில் மாறாது. ஆகவே எது அதிகம் வலது பக்கம் சாய்கிறது, எது அதிகம் இடது பக்கம் விழுகிறது என்று உங்கள் டிஸ்க்குகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு வரிசைப்படுத்துவதுதான் வழி.

முதலில் வீட்டிலேயே பாருங்கள். தரையில் சமமான ஒரு ஆத்தங்குடிக் கல்லைத் தேர்ந்தெடுத்து, அதே கல்லின் மேல் டிஸ்க்கை ஒன்று மாற்றி ஒன்றாகக் கவிழ்த்து வைத்து, கன்னம் தரையில் படும் அளவுக்குக் குனிந்து, விளிம்பில் ஓடும் அச்சுக்கோடு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கவனியுங்கள். ஒரே மாடலில் இரண்டு இருந்தால், கோடு உயரமாக இருப்பதுதான் பெரும்பாலும் அதிக ஓவர்ஸ்டேபிள், அதாவது வலது பக்கம் சாயாமல் இடது பக்கம் விழுவது. ஓரத்தை விரலால் அழுத்தும்போது ஆடினால் டிஸ்க் கோணியிருக்கிறது. எடையையும் பாருங்கள், 165 கிராம் டிஸ்க் 175 கிராமைவிடச் சீக்கிரம் சாயும். அடிபட்ட விளிம்பில் எழுந்திருக்கும் பிசிறுகளைச் சோதனைக்கு முன் தேய்க்க வேண்டாம், தேய்த்தால் அது வேறு டிஸ்க்.

அப்புறம் மைதானம். கோடையில் வற்றிய கண்மாய் போதும், சீமைக்கருவேலம் இல்லாத பக்கமாக, காற்று எழும்பாத காலை நேரத்தில். தூரத்தில் ஒரு பனைமரத்தைக் குறியாக வையுங்கள். நெஞ்சு உயரத்தில், மட்டமாக, முக்கால் வேகத்தில் வீசுங்கள். ஒரே டிஸ்க்கை வரிசையாக வீசாமல் மாற்றி மாற்றி வீசுங்கள், இல்லாவிட்டால் கை சோர்வும் கணக்கில் சேர்ந்துவிடும். கையை விட்டதும் தள்ளாடிய வீச்சைக் கணக்கில் எடுக்காதீர்கள், தள்ளாட்டமே டிஸ்க்கைத் திருப்பிவிடும். வீசுகிற நீங்கள் உடம்பைத் திருப்பிக்கொண்டு பார்ப்பதால், பின்னால் ஒருவரை நிற்க வைப்பது நல்லது: பாதி வழியில் பனைக்கு எந்தப் பக்கம், கடைசியில் எந்தப் பக்கம், இரண்டையும் தனித்தனியாக அவர் சொல்லட்டும். செம்மண் புழுதியில் முதலில் பட்ட தடத்தைத்தான் பார்க்க வேண்டும், சறுக்கிப் போய் நின்ற இடத்தை அல்ல.

பலர் கோட்டைவிடுவது வேகத்தில்தான். பீஸ்ட், ஆர்க் என்ற மாடல்கள் இரண்டும் வேகம் 10, அதாவது வேகமாக வீசினால்தான் எண்களில் சொன்னபடி பறக்கும். போதுமான வேகம் கொடுக்காவிட்டால் பீஸ்ட் கூட (அதன் சாய்வு எண் -2, அதாவது வலது பக்கம் நன்றாகச் சாய வேண்டியது) சாயாமலே இடது பக்கம் விழும், நாம் அதை ஓவர்ஸ்டேபிள் என்று எழுதி வைத்துவிடுவோம். எனவே வேகம் குறைந்த டீபேர்டு, ஈகிள், கெஸல் ஒரு கூட்டம், வேகம் அதிகமான வால்கிரி, ஆர்க், பீஸ்ட் இன்னொரு கூட்டம் என்று பிரித்து ஒப்பிடுங்கள். சாம்பியன் பிளாஸ்டிக்கில் ஃபயர்பேர்டு இருந்தால் (9, 3, 0, 4) அதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம், எவ்வளவு அடிபட்டாலும் இடது பக்கம் விழுவதை அது எளிதில் விடாது.

வரிசை கிடைத்ததும் அடிப்பக்கம் மார்க்கரில் எழுதிவிடுங்கள். கடைசியாக, ஆடிக் காற்றை எதிர்த்து ஒருமுறை வீசிப் பார்த்துவிடுங்கள். எதிர்க்காற்றில் எல்லா டிஸ்க்குமே வழக்கத்தைவிட வலது பக்கம் அதிகம் சாயும் என்பதால், அமைதியான காலையில் ஒன்றுபோல் தெரிந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அப்போதுதான் வெளியே வரும். அதிலும் சாயாமல் நேராகப் போவதைக் காற்று நாளுக்கென்று ஒதுக்குங்கள். எளிதில் வலது பக்கம் சாயும் தேய்ந்த டிஎக்ஸ் லெப்பர்டை அன்றைக்கு வீட்டிலேயே விட்டுவிடலாம்.