மேகசினைக் கழற்றினால் மட்டும் பிஸ்டல் காலியாகிவிடாது

பிஸ்டலைத் துடைக்கும்போது வெடிப்பதற்கு வழக்கமான காரணம், வரிசை மாறுவதுதான். ஸ்லைடை (பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதி) முதலில் இழுத்தால் சேம்பரில், அதாவது குழலின் பின்முனைக் குழியில், இருந்த தோட்டா வெளியே விழும். ஆனால் ஸ்லைடு திரும்பும்போது, தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசினிலிருந்து அடுத்ததை உள்ளே தள்ளிவிடும். அப்புறம் மேகசினைக் கழற்றி என்ன பயன்?

முதலில் மேகசின், பிறகு ஸ்லைடு. விரல் டிரிகர் கார்டுக்கு (டிரிகரைச் சுற்றியுள்ள வளையம்) வெளியே; குழல் ஆளில்லாத பக்கம் (செங்கல் இல்லாத தடுப்புச் சுவரைத் தோட்டா துளைக்கும்). ஸ்லைடை இரண்டு மூன்று முறை இழுத்து, பின்னால் பூட்டி, சேம்பரைக் கண்ணால் பாருங்கள். வெளிச்சம் போதாவிட்டால் சுண்டுவிரலால் தடவுங்கள். க்ளாக் போன்ற பிஸ்டல்களைத் துடைப்பதற்காகப் பிரிக்க டிரிகரை அழுத்தியே ஆகவேண்டும். மறந்த தோட்டா அங்கேதான் வெடிக்கும். துடைக்கும் அறையில் தோட்டாவே வேண்டாம்.

கைநழுவினால் விழ விடுங்கள். பிடிக்கப் பாய்ந்தால் விரல் டிரிகரில் மாட்டும்.