வதிவிட, பணி அனுமதிப் புள்ளிவிவரங்களைத் தொகுக்கும் முறை

அனுமதிப் புள்ளிவிவரத்தைத் தொகுக்க உட்காருபவர், எதை எண்ணப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். குடிவரவு அலுவலகத்தின் தரவுத்தளம் விண்ணப்பங்களையும் முடிவுகளையும் கையாள்வதற்காக உருவானது. அதில் ஒரே மனிதருக்கு மூன்று நான்கு பதிவு வரிகள் இருப்பது இயல்பு. அந்த வரிகளை அப்படியே கூட்டிவிட்டு 'இத்தனை பேர் வந்தார்கள்' என்று அறிவிப்பதுதான் இத்துறையில் மிக அதிகம் காணப்படும் பிழை, அதிகம் தீங்கு செய்யும் பிழையும் அதுவே.

ஆகவே இரண்டு கேள்விகளைத் தனித்தனியே வைத்துக்கொள்ளுங்கள்: ஆண்டுக்குள் வழங்கப்பட்டவை எத்தனை, ஆண்டின் கடைசி நாளில் செல்லுபடியாக இருந்தவை எத்தனை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 862/2007 ஒழுங்குவிதி இந்தப் பிரிவினையையே கைக்கொள்கிறது. உறுப்பு நாடுகள் ஒன்றியத்துக்கு வெளியிலுள்ள நாடுகளின் குடிமக்களுக்கு வழங்கிய முதல் அனுமதிகள், தங்கும் காரணம் மாறியபோது வழங்கிய அனுமதிகள், டிசம்பர் 31 அன்று செல்லுபடியான அனுமதிகள் ஆகியவற்றைத் தனித்தனியே ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகமான யூரோஸ்டாட்டுக்கு அனுப்புகின்றன. அனுமதிக்குப் பதிலாக நீண்டகால விசாவே வழங்கப்படும் இடங்களில், அந்த விசாக்களையும் எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும்.

ஒரு கோப்பை எடுத்துப் பார்ப்போம். ஒரு மாணவி 2021 செப்டம்பரில் ஓராண்டுக் கல்வி அனுமதி பெறுகிறார். 2022 செப்டம்பரில் அதை ஓராண்டுக்குப் புதுப்பிக்கிறார். 2023 செப்டம்பரில் இடைவெளியின்றிப் பணி அனுமதிக்கு மாறுகிறார். 2021ஆம் ஆண்டின் கணக்கில் அவர் கல்விக்கான முதல் அனுமதி, கால அளவு 12 மாதமும் அதற்கு மேலும் என்ற பிரிவில் வருவார். 2022இல் நடந்தது புதுப்பித்தல் என்பதால் முதல் அனுமதிக் கணக்கில் அவருக்கு இடமில்லை. 2023இல் காரணம் மாறியோர் அட்டவணையில் வருவார். இதே பெண் 2022 செப்டம்பரில் ஊர் திரும்பி, 2023 மே மாதம் பணி அனுமதியுடன் மீண்டும் வந்திருந்தால், இடைவெளி ஆறு மாதத்தைத் தாண்டுவதால் அது மறுபடியும் 'முதல் அனுமதி' ஆகிவிடும். பல ஆண்டுகளின் முதல் அனுமதிகளைக் கூட்டினால் வரும் தொகை தனிமனிதர்களின் எண்ணிக்கை ஆகாது என்பது இதனால்தான்.

காரணத்தைக் குறிப்பதில் இன்னும் கூடுதல் கவனம் தேவை. அனுமதி எந்தச் சட்டப் பிரிவின் கீழ் வழங்கப்பட்டதோ அந்தக் குறியீட்டைக் குடும்பம், கல்வி, ஊதியத்துக்கான பணி, பிற என்ற தலைப்புகளுள் ஒன்றில் பொருத்துகிறோம். கணவருடன் சேர வந்த மனைவி அன்றாடம் வேலைக்குப் போனாலும், அவர் குடும்பம் என்ற தலைப்பிலேயே நிற்பார். பணி அனுமதிகளின் தொகையைப் புலம்பெயர்ந்த தொழிலாளரின் தொகையாகக் காட்டுவது, அவரைப் போன்றோரின் உழைப்பைக் கணக்கிலிருந்தே அழிப்பதாகும். உழைப்பவர் எத்தனை பேர் என்று அறிய, தொழிலாளர் கணக்கெடுப்பையோ சமூகக் காப்பீட்டுப் பதிவுகளையோதான் நாட வேண்டும்.

தரவை ஜனவரி முதல் வாரத்திலேயே இறக்கிவிடாதீர்கள். டிசம்பரில் எடுத்த முடிவுகள் தாமதமாகவே பதிவாகும். ஆண்டு முடிந்தபின் தரவை அனுப்ப ஒன்றியம் தரும் கெடு ஆறு மாதம். ஒரே ஆளின் பெயர் ஆவணத்துக்கு ஆவணம் வேறு எழுத்துக்கூட்டலில் இருக்கும் என்பதால், பெயரை நம்பாமல் கோப்பு எண், பிறந்த தேதி, குடியுரிமை ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு இரட்டைப் பதிவுகளை நீக்குங்கள்.

ஆண்டிறுதித் தொகையில் வேறொரு சிக்கல் உண்டு. சொல்லாமல் நாட்டை விட்டுப் போனவரின் அனுமதி காலாவதியாகும் வரை பதிவேட்டில் உயிரோடிருக்கும். புதுப்பிக்க விண்ணப்பித்துக் காத்திருப்பவரோ, அங்கேயே வாழ்ந்தாலும் விடுபட்டுப் போகலாம். இவ்விருவரையும் எப்படிக் கையாண்டீர்கள் என்பதை அட்டவணைக்கு அடியிலேயே எழுதி வெளியிடுங்கள்.