ஸாகிந்தோஸ் தீவின் கெரி கடற்குகைகளில் ஸ்கூபா: இறங்கும் முன்னும் இறங்கிய பின்னும்

கிரேக்கத்தின் அயோனியன் கடலில் உள்ள ஸாகிந்தோஸ் தீவின் தெற்கே, லகானாஸ் விரிகுடாவின் மேற்குக் கரையில், லிம்னி கெரியூ என்ற சிற்றூர் ஆரவாரமின்றி ஒதுங்கியிருக்கிறது. எதிரே மரதோனிசி தீவு. ஊருக்குப் பின்னால், பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்த தார் ஊற்று. கெரி முனையின் சுண்ணாம்புப் பாறைக் குகைகளுக்கு ஸ்கூபா (காற்றுச் சிலிண்டருடன் நீருக்குள் மூழ்கி நீந்துதல்) படகுகள் இங்கிருந்து புறப்படுகின்றன. குளம்போல் கிடக்கும் இந்தக் கரையைப் பார்த்துவிட்டு, குகையிலும் கடல் இப்படித்தான் இருக்கும் என்று நம்பிவிடுவதே புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

ஊர் குன்றின் மறைவில் இருக்கிறது. முனையைச் சுற்றியுள்ள குகைகளோ திறந்த கடலைப் பார்த்து வாய் பிளந்து நிற்கின்றன. கோடையில் நண்பகலுக்குப் பின் வடமேற்குக் காற்று வலுப்பது வழக்கம் என்பதால் காலைப் படகையே தேர்ந்தெடுங்கள். அன்றைய காற்றை மட்டுமன்றி முந்தைய நாள் காற்றையும் விசாரியுங்கள். காற்று அடங்கிய பிறகும் அது எழுப்பிய நீண்ட அலை ஓய்வதில்லை. வெளியே படகை மெதுவாகத் தூக்கி இறக்கும் அதே அலை, பின்சுவர் மூடிய குகைக்குள் நுழைந்ததும் போக வழியின்றி, உள்ளே இருப்பவரைப் பாறையை நோக்கித் தள்ளி, அடுத்த நொடியே வாயிலை நோக்கி இழுக்கும். இன்று குகை வேண்டாம் என்று வழிகாட்டி சொன்னால் பேரம் பேசாதீர்கள்.

அடிப்படை ஸ்கூபாச் சான்றிதழ் பெற்றவருக்கான ஆழ எல்லை 18 மீட்டர். அந்தச் சான்றிதழ் குகைக்கு உரியதன்று என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தலைக்கு மேல் பாறை இருக்குமானால், மூச்சு முட்டியவுடன் நேரே மேலே வரும் வழி அடைபட்டுவிடுகிறது. ஆகவே முறையான குகைப் பயிற்சி இல்லாதவர்கள், அந்த இடத்தை அறிந்த வழிகாட்டியுடன், வாயிலின் பகல் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியும் பகுதிக்குள் மட்டும், அதுவும் இருவர் பக்கம் பக்கமாக நீந்தக்கூடிய அகலமுள்ள குகையில் மட்டும் நுழைய வேண்டும். திரும்பிப் பார்க்கும்போது நீல வெளிச்சம் தெரியவில்லை என்றால் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள்.

சிலிண்டரில் உள்ள காற்றை மூன்று பங்காகப் பிரியுங்கள்: போக ஒன்று, வர ஒன்று, ஆபத்துக்கு ஒன்று. நுழையும்போது சிலிண்டரின் அழுத்த மானி 180 பார் (அழுத்த அலகு) காட்டினால், 120க்கு இறங்கியதும் திரும்பிவிட வேண்டும். குழுவில் யாருடைய மானி முதலில் அந்த அளவைத் தொடுகிறதோ அவருக்காக அனைவரும் திரும்ப வேண்டும். நண்பகலே ஆனாலும் ஆளுக்கு இரண்டு டார்ச் தேவை.

உள்ளே கால்களை மேலும் கீழும் அடிக்காதீர்கள். தரையில் படிந்துள்ள மாவு போன்ற வண்டல் ஒருமுறை கிளம்பினால் டார்ச் ஒளி வெண்புகையில் பட்டதுபோல் திரும்பி வரும். தவளைபோல் பக்கவாட்டில் உதைத்து, தரைக்குச் சற்று மேலே மிதந்து செல்லுங்கள். நீங்கள் விடும் குமிழிகள் கூரையில் பாதரசத் துளிகளாக ஓடிச் சேரும். அவை உரசிய இடத்திலிருந்து சிறு துகள்கள் மழைபோல் உதிர்வதைக் கண்டால், வேறொருவர் கலக்கிவிட்டார் என்று பதற வேண்டாம். கூரையின் உச்சியில் காற்றுப் பை தென்பட்டாலும் ரெகுலேட்டரை (சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவி) வாயிலிருந்து எடுக்காதீர்கள். அடைபட்ட அந்தக் காற்று மூச்சுக்கு ஏற்றதென்று சொல்ல முடியாது. அலை தள்ளும்போது எதிர்த்து உதைப்பது காற்றை வீணாக்கும். ஒரு கையை முன்னே நீட்டிப் பாறையிலிருந்து விலகியிருந்து, இழுப்பு வெளிநோக்கித் திரும்பும்போது அதனுடன் நகருங்கள்.

இது கடலாமைகள் முட்டையிடும் விரிகுடா. 1999 முதல் தேசியக் கடல் பூங்கா. ஆமையைத் துரத்தவோ, அது மூச்செடுக்க மேலே செல்லும் வழியை மறிக்கவோ கூடாது. தீவின் மேற்குக் கரைக் குகைகள் அரிய மத்தியதரைக் கடல் துறவி சீலின் (கடல்நாய்) புகலிடமும் ஆகும். அது குட்டி போடுவது பெரும்பாலும் இலையுதிர் காலத்தில். உள்ளே சிறு மணல்திட்டு உள்ள குகையாக இருந்தால் நுழையாமல் விடுவதே என் பரிந்துரை. பழைய சாடியின் உடைந்த துண்டு கிடந்தாலும் எடுக்காதீர்கள். கிரேக்கச் சட்டப்படி அது குற்றம்.

வெளியே வருவதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். வாயிலுக்கு நேர் மேலே, மேல்மட்டத்தில், சுற்றுலாப் படகுகள் குகைக்குள் எட்டிப் பார்க்க வந்துபோய்க் கொண்டிருக்கும். எனவே ஆழத்திலேயே நீந்திப் பாறையை விட்டு நன்றாக விலகி, 5 மீட்டரில் 3 நிமிடம் நின்று, மிதவைக் குறியை முதலில் மேலே அனுப்பி, அதன் கயிற்றைப் பிடித்தபடி இன்ஜின் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டே ஏறுங்கள்.