இரண்டு நுரையீரலும் ஒரே அம்பில்: வில் வேட்டையில் மானுக்குக் குறி வைப்பது எப்படி

தோட்டா பாயும் வேகமே சுற்றியுள்ள திசுவைச் சிதைத்துவிடும். அம்புக்கு அந்த வேகம் கிடையாது. அது அறுக்கும், ரத்தம் கொட்டும், மூளைக்கு ரத்தம் நின்றதும் மான் விழும். அம்பு கொல்வது முக்கியமாக இந்த வழியில்தான். இரண்டு நுரையீரலையும் துளைத்த அம்பு மானைச் சில நொடிகளில், பெரும்பாலும் நூறு மீட்டருக்குள் சாய்த்துவிடும். ஒன்றை மட்டும் துளைத்தால் அது மணிக்கணக்கில் வலியோடு அலையும், கிடைக்காமலும் போகலாம். எனவே நாணை விடுமுன் கேட்க வேண்டிய கேள்வி: இந்தக் கோணத்தில் இரண்டு நுரையீரலும் அம்பின் பாதையில் இருக்கின்றனவா?

வட அமெரிக்காவில் வேட்டையாடப்படும் வெள்ளைவால் மானில், வளர்ந்த ஒன்றின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த இலக்கு, பக்கவாட்டில் பார்த்தால் 20 முதல் 25 செ.மீ. விட்டமுள்ள வட்டம். அதன் முன்பக்கம் எலும்பு காவல் நிற்கிறது. மேற்கால் எலும்பு முழங்கையிலிருந்து முன்னோக்கி ஏறித் தோள்மூட்டைத் தொடுகிறது. அங்கிருந்து தோள்பட்டை எலும்பு பின்னோக்கிச் சாய்ந்து முதுகுக்குப் போகிறது. தோள்மூட்டில் பட்ட அம்பு பல நேரம் உள்ளே இறங்காமல் நின்றுவிடும். வட்டத்துக்குப் பின்னால் உதரவிதானம், கல்லீரல், அதற்கும் பின்னால் இரைப்பையும் குடலும்.

குறுக்காக, அதாவது பக்கவாட்டை நமக்குக் காட்டி நிற்கும் மானுக்கு, முன்னங்காலின் பின்விளிம்பை ஒட்டி மனதுக்குள் ஒரு கோடு மேலே இழுங்கள். மார்பின் அடிவிளிம்பிலிருந்து உடல் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஏறி நிறுத்துங்கள். குறி அங்கே. இந்தப் புள்ளியின் அருமை, பிழையைத் தாங்குவதில் இருக்கிறது: சற்று கீழே போனால் இதயம், சற்று மேலே போனால் நுரையீரலின் நடுப்பகுதி. உங்கள் பக்கத்து முன்னங்கால் முன்னே எட்டு வைக்கும் வரை பொறுத்தால் முழங்கையும் விலகி வழிவிடும்.

இதைவிடவும் நல்ல கோணம் ஒன்று உண்டு. தலை அப்பால் திரும்பி, உடல் நம்மிடமிருந்து சற்றே சாய்வாக விலகி நிற்கும் நிலை. தோள் எலும்பு வழியில் வராது, மானின் பார்வையும் நம் மேல் இருக்காது. இங்கே அம்பு நுழையும் இடத்தை மறந்துவிட்டு, வெளியேறும் இடத்தைக் குறியுங்கள்: மறுபக்கத்து முன்னங்கால். அதை நோக்கிக் கோடு போட்டால் நுழைவிடம் தானாகவே விலா எலும்புகளில் பின்தள்ளி அமையும். பழக்க தோஷத்தால் தோளுக்குப் பின்னேயே எய்தால் அம்பு நம் பக்கத்து நுரையீரலை மட்டும் உரசிவிட்டுப் போய்விடும். சாய்வு 45 பாகைக்கு மேல் போனால் அம்பு இரைப்பை வழியாகத்தான் நுழைய வேண்டியிருக்கும், விட்டுவிடுங்கள்.

முகம் நம் பக்கம் திரும்பிய சாய்வு நிலை, நேருக்கு நேர், பின்புறம், கழுத்து, தலை எதுவும் அம்புக்கு உரியதல்ல. முகம் நம்மை நோக்கிய சாய்வில் பலர் ஏமாறுகிறார்கள். பார்க்கக் குறுக்காக நிற்பதுபோல் தெரியும், ஆனால் தோளில் தடுக்கும், இல்லையேல் ஒரு நுரையீரலோடு குடலுக்குள் போகும். மான் மேய்ந்தபடியே திரும்பும். காத்திருக்கலாம்.

பரண் மேல் இருப்பவருக்குக் கணக்கு மாறும். 6 மீட்டர் உயரப் பரணிலிருந்து 20 மீட்டரில் நிற்கும் மானை நோக்கி அம்பு ஏறத்தாழ 20 பாகை சரிவில்தான் இறங்கும். அதே மான் 5 மீட்டரில் நின்றால் சரிவு 50 பாகையைத் தாண்டும். அப்போது முதுகுப்பக்கம் நுழைந்து ஒற்றை நுரையீரலோடு கீழே இறங்கிவிடும் ஆபத்து அதிகம். பரணடியில் வந்த மான் எளிய இலக்கு என்று நினைப்பது தவறு. அது நடந்து விலகட்டும். உயரத்திலிருந்து எய்யும்போது நுழைவிடம் தரையிலிருந்து எய்வதைவிடச் சற்று மேலே இருக்கும், வெளியேறுமிடம் மறுபக்கம் கீழே. கையை மட்டும் தாழ்த்தாமல் இடுப்பிலிருந்து குனிய வேண்டும். தூரமானியில் கிடைமட்டத் தூரத்தைப் பாருங்கள், சாய்வுத் தூரத்தை அல்ல.

அடுத்தது நாணின் ஒலி. நொடிக்கு 80 மீட்டர் வேகத்தில் போகும் அம்பு 27 மீட்டரைக் கடக்க 0.34 நொடி ஆகும், ஒலி 0.08 நொடியில் போய்ச் சேர்ந்துவிடும். மிஞ்சிய கால் நொடியில் மிரண்ட மான் பாய்வதற்காகக் கால்களை மடக்கும், முதுகு ஒரு சாண்கூட இறங்கலாம். அம்பு மேலே போய்விடும். காது விறைத்து, தலை நிமிர்ந்து, உங்களையே பார்க்கும் மானுக்கு எய்யாதீர்கள். தலை கவிழ்ந்து மேயும்போதும் தூரம் கூடக்கூட இதயத்தின் மட்டத்துக்குக் குறியை இறக்குவது நல்லது.

உங்கள் எல்லைத் தூரம் எது? நாளின் முதல் அம்பை, உடல் சூடேறாமல், வேட்டை உடையில், 20 செ.மீ. வட்டத்துக்குள் தவறாமல் வைக்க முடிகிற தூரம். பத்தாவது அம்பைக் கணக்கில் எடுக்க வேண்டாம். முனை சவரக் கத்திபோல் இருக்கட்டும். பயிற்சிக்கு எய்த அலகை (முனையிலுள்ள வெட்டும் தகட்டை) மாற்றாமல் காட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். இழுவிசை (நாணை இழுக்கத் தேவையான விசை) குறைந்த வில்லுக்கு, பட்டதும் அலகுகள் விரியும் முனை ஒத்துவராது, விரிவதற்கே விசை செலவாகும். நிலையான அலகே நல்லது. விரல் பருமன் குச்சிகூட அம்பைத் திசை மாற்றிவிடும்.

எய்த பின் மான் நின்ற இடத்தையும் கடைசியாக மறைந்த இடத்தையும் மனதில் குறித்துக்கொண்டு, அம்பைத் தேடுங்கள். நுரையுள்ள இளஞ்சிவப்பு ரத்தம் நுரையீரலைக் காட்டும்: அரை மணி நேரம் பொறுங்கள். கருஞ்சிவப்பு என்றால் கல்லீரல்: 4 முதல் 6 மணி நேரம். பச்சைக் கசடும் நாற்றமும் இருந்தால் குடல்: 8 முதல் 12 மணி நேரம். குடலில் பட்ட மான் பெரும்பாலும் அருகிலேயே படுத்துவிடும். அவசரப்பட்டுத் தொடர்ந்தால் எழுந்து ஓடும், இரண்டாம் முறை ரத்தத் தடமே இருக்காது. தடம் அறுந்தால் கடைசித் துளியில் ஓர் அடையாளத்தைக் கட்டிவிட்டு, அங்கிருந்து வட்டம் வட்டமாக விரிந்து, பள்ளங்களையும் நீர்நிலை ஓரங்களையும் முதலில் பாருங்கள்.