தாழப் பறந்து விழுந்த சிறு விமானம்: விசாரணையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"தாழப் பறந்தார், விழுந்தார்" என்று முதல் நாளே காரணம் எழுதிவிடுவதுதான் இந்த விசாரணைகளை அதிகம் கெடுக்கிறது. தாழப் பறந்தது சூழ்நிலை மட்டுமே. மின்கம்பியில் மோதியிருக்கலாம், திருப்பத்தில் ஸ்டால் ஆகியிருக்கலாம் (இறக்கை தூக்குவிசையை இழப்பது), எஞ்சின் நின்றிருக்கலாம். உயரம் போதாததால் மீள நேரம் கிடைக்கவில்லை. தாழப் பறந்ததன் பங்கு அவ்வளவுதான்.

நேராகச் சிதைவுக் குவியலுக்கு ஓடாதீர்கள். விமானம் முதலில் எதைத் தொட்டது என்பது வந்த பாதையில் பின்னால் கிடக்கும். அந்தப் பாதையில் திரும்பி நடந்து, முறிந்த கிளை, பெயின்ட் துணுக்கு, உடைந்த விளக்குக் கண்ணாடி எல்லாவற்றையும் இடம் குறித்துப் படமெடுங்கள். 12 மீட்டர் உயரத்தில் கிளை வெட்டுப்பட்டு, 40 மீட்டர் தள்ளித் தரைக்குழி இருந்தால் இறங்கிய கோணம் சுமார் 17 பாகை. நிலம் சரிவானால் அந்தச் சரிவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அறுந்த கம்பி கண்ணில் படவில்லை என்பதற்காகக் கம்பி மோதலை ஒதுக்கிவிடுகிறார்கள். கம்பி அறாமலும் விமானம் விழலாம். இறக்கையின் முன்விளிம்பு, ப்ரொப்பெல்லர், சக்கரக் கால், வால் ஆகியவற்றில் கம்பிப் புரிகள் பதித்த சாய்கோடுகளையும் மின்பொறி சுட்ட சிறு புள்ளிகளையும் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துத் தேடுங்கள். மின் விநியோகப் பதிவில் லைன் துண்டான நேரம் இருந்தால், மோதிய நேரத்துக்கு அதைவிட நல்ல சாட்சி அரிது. மின்சாரம் நிறுத்தப்பட்டது உறுதியாகும்வரை கம்பி அருகே போகவே கூடாது.

ப்ரொப்பெல்லர் வளைந்திருப்பதை வைத்து மட்டும் எஞ்சின் ஓடியது என்று எழுதாதீர்கள். சுழலாமல் நின்ற பிளேடும் மோதலில் பின்னோக்கி மடங்கும். அகலவாக்கில் கீறல், முன்விளிம்பில் வெட்டுப் பள்ளம், பிளேடில் முறுக்கு மூன்றும் சேர்ந்திருந்தால் சக்தியோடு சுழன்றது என்று சொல்ல வலுவான இடமுண்டு. மண்ணில் பிளேடு வெட்டிய கோடுகளை மழைக்கு முன்பே அளந்துவிடுங்கள். இரண்டு பிளேடு, நிமிடத்துக்கு 2,400 சுற்று, கோடுகளுக்கிடையே 60 சென்டிமீட்டர் என்றால் வேகம் மணிக்குச் சுமார் 173 கிலோமீட்டர். சுற்று எண்ணிக்கை ஊகமானால் இந்த வேகமும் ஊகமே. அறிக்கையில் அப்படியே குறிப்பிடுங்கள்.

எஞ்சின் நன்றாக ஓடியது என்பதால் ஸ்டால் இல்லை என்றாகிவிடாது. உயரம் குறையாமல் 60 பாகை சாய்ந்து திரும்பினால் ஸ்டால் வேகம் 41 சதவீதம் ஏறும்: 90 கிலோமீட்டரில் ஸ்டால் ஆகும் விமானம் 127-இலேயே ஆகிவிடும்.

மீட்புக் குழுவினரிடம் அன்றே பேசாமல் விடுவதும் பெரும் இழப்பு. இழுவிசையில் அறுந்த கட்டுப்பாட்டுக் கேபிளின் முனை துடைப்பம்போல விரிந்திருக்கும். மீட்பவர்கள் கருவியால் வெட்டியது ஒரே சீராக நசுங்கியிருக்கும். எரிபொருள் வால்வை யாராவது மூடினார்களா என்றும் கேளுங்கள். அது தெரியாமல் "வால்வு மூடியிருந்தது" என்று எழுதினால் இறந்த விமானி செய்யாத தவறு அவர்மேல் விழும்.

சிறு விமானங்கள் பலவற்றில் கறுப்புப் பெட்டி கிடையாது. ஆனால் ஜிபிஎஸ், டேப்லெட், எஞ்சின் மானிட்டர் ஆகியவற்றில் தரவு தங்கியிருக்கலாம். ஆர்வத்தில் அங்கேயே ஆன் செய்து பார்க்காதீர்கள். பழைய பதிவு அழியக்கூடும். தண்ணீரில் மூழ்கியதைக் காயவைக்காமல் சுத்தமான நன்னீரில் அமிழ்த்தியபடியே ஆய்வகத்துக்குக் கொண்டுபோங்கள்.