டிரினிட்டி: சோம்பேறி கௌபாயைப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குதிரை தன் பாட்டுக்கு நடக்கிறது. முதுகில் ஆள் இல்லை. அதன் பின்னால் இரண்டு நீளக் கழிகள், நடுவே கட்டிய ஒரு படுக்கை. அதில் அழுக்கேறிய சட்டையோடு ஒருவன் தூங்கிக்கொண்டே இழுபட்டு வருகிறான். பின்னணியில் விசில் சத்தத்தோடு சாவகாசமாக ஒரு பாட்டு. இவன்தான் படத்தின் கதாநாயகன் என்பதை நம்பவே கொஞ்ச நேரம் பிடிக்கும்.

1970 டிசம்பரில் இத்தாலியில் வெளியான 'தே கால் மீ டிரினிட்டி' இப்படித்தான் தொடங்குகிறது. டெரன்ஸ் ஹில் (டிரினிட்டி), பட் ஸ்பென்சர் (அவன் அண்ணன் பாம்பினோ) ஜோடியை ஐரோப்பா முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்த படம். கௌபாய் நகைச்சுவைப் படங்களில் ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். ஆனால் சொல்லிக் கேட்டுப் பார்த்தவர்களில் சிலர், 'இதில் சிரிக்க என்ன இருக்கிறது?' என்று பாதியிலேயே நிறுத்திவிடுவதும் உண்டு. படம் எல்லாருக்கும் பிடித்தே ஆகவேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் பெரும்பாலும் பிரச்சினை படத்தில் இல்லை, என்ன எதிர்பார்த்து உட்கார்ந்தோம் என்பதில்தான்.

கிண்டல் படம் என்று நினைத்துப் பார்ப்பது

இதுதான் முதல் தவறு, பெரிய தவறும்கூட. கௌபாய் காமெடி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கௌபாய் படங்களையே நையாண்டி செய்கிற படங்கள். மெல் புரூக்ஸின் 'பிளேஸிங் சாடில்ஸ்' (1974) அந்த வகை. அதில் கடைசிச் சண்டை படப்பிடிப்பு அரங்கையே உடைத்துக்கொண்டு பக்கத்து ஸ்டூடியோவுக்குள் போய்விடும். தமிழில் சிம்புதேவனின் 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' (2010) அந்தப் பக்கம் சேர்ந்ததுதான். 'எந்தப் படத்தைக் கலாய்க்கிறார்கள் தெரிகிறதா?' என்று அந்தப் படங்கள் கண்ணடித்துக்கொண்டே இருக்கும்.

டிரினிட்டி அப்படிக் கண்ணடிக்காது. அதன் உலகம் அசல் கௌபாய் உலகம். அதே புழுதி, அதே வியர்வை, தலைக்கு விலை வைத்து ஆள் பிடிப்பவர்கள், ஏழைகளின் நிலத்தைப் பிடுங்கப் பார்க்கும் பணக்காரன். எல்லாமே ஒழுங்காக இருக்கிறது, கதாநாயகனுக்கு மட்டும் வேலை செய்ய மனமில்லை. சிரிப்பு முழுக்க அந்த ஒரு இடத்திலிருந்துதான் வருகிறது.

இதை எடுத்தவர்கள் யார் என்று பார்த்தால் இது இன்னும் நன்றாகப் புரியும். இயக்குநர் என்சோ பார்போனி (டைட்டிலில் ஈ.பி. கிளச்சர் என்ற ஆங்கிலப் புனைபெயர்) அடிப்படையில் ஒளிப்பதிவாளர். சேறும் ரத்தமுமாக வந்த 'ஜாங்கோ'வுக்கு (1966) ஒளிப்பதிவு செய்தவர் அவரேதான். டெரன்ஸ் ஹில்லும் இதற்கு முன்பு கடுகடுத்த முகத்தோடு பழிவாங்கும் படங்களில் நடித்தவர். 1968ல் ஜாங்கோவாகவே நடித்திருக்கிறார். இரண்டு பேருக்கும் அந்த வகைப் படங்கள் உள்ளும் புறமும் அத்துப்படி. அதனால் அதைக் கேலி செய்ய வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. அதே இடத்தில் ஒரு சோம்பேறியைக் கொண்டுபோய் இறக்கிவிட்டால் போதும் என்று தெரிந்திருந்தது.

அவசரப்படுவது

தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே வரும் பீன்ஸ் காட்சியைச் சொல்லியே ஆகவேண்டும். வழியில் ஒரு சாப்பாட்டுக் கடை. டிரினிட்டி உள்ளே வருகிறான், பசி. கடைக்காரர் பீன்ஸ் வைக்கிறார். அவன் தட்டோடு நிற்காமல் சட்டியையே இழுத்து முன்னால் வைத்துக்கொள்கிறான். அப்புறம் சாப்பிடுகிறான். சாப்பிடுகிறான், சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். ரொட்டியால் சட்டியின் அடியைத் துடைத்து வழித்து வாயில் போடும்வரை கேமரா அவனை விடுவதில்லை. கடையில் இருக்கும் மற்றவர்கள் வாயைப் பிளந்து பார்க்கிறார்கள்.

கையில் போனோடு பார்ப்பவர்கள் ஓட்டிவிடும் காட்சி இதுதான். அங்கேதான் படம் அவர்கள் கையை விட்டுப் போகிறது. கௌபாய் நாயகர்கள் பொதுவாகச் சாப்பிடுவதில்லை என்பதை யோசித்துப் பாருங்கள். ஒரு மடக்கு விஸ்கி குடிப்பார்கள், சுருட்டைக் கடிப்பார்கள், அவ்வளவுதான். இவனுக்கு வயிறு இருக்கிறது. தூக்கம் வருகிறது. பார்ப்பவர்களுக்கு அவன் உடனே நம்மில் ஒருவனாகிவிடுவது அதனால்தான். இத்தாலியின் பழைய முகமூடி நாடகங்களில் ஆர்லெக்கினோ என்று ஒரு வேலைக்காரப் பாத்திரம் உண்டு. எப்போதும் பசி, எப்போதும் குறும்பு. என் கணக்கில் டிரினிட்டி அந்தப் பரம்பரையில் வந்தவன். அமெரிக்கத் தொப்பி மட்டும் மேலே வந்து உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்று, இந்தச் சாவகாசம் இல்லாவிட்டால் அடுத்து வரும் வேகம் எடுபடாது. அதே கடையில் இருக்கும் இரண்டு ஆள்பிடிகாரர்களிடமிருந்து அவர்கள் பிடித்து வைத்திருக்கும் காயம்பட்ட மெக்ஸிகோக்காரனை டிரினிட்டி கூட்டிக்கொண்டு கிளம்புகிறான். முதுகுக்குப் பின்னால் அவர்கள் சுடப் பார்க்க, இவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் சுட்டுவிட்டு நடக்கிறான். கண் இமைக்கும் நேரம்தான். சட்டி பீன்ஸ் தீரும்வரை காத்திருந்தவர்களுக்குத்தான் அந்த நொடியின் ருசி தெரியும். 1.5 வேகத்தில் ஓட்டிப் பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

'இதில் யாருமே சாகமாட்டார்கள்' என்று சொல்லிக் கூப்பிடுவது

குழந்தைகளோடு பார்க்கலாமா என்று கேட்பவர்களிடம் ரசிகர்கள் வாய்தவறிச் சொல்லும் வாசகம் இது. உண்மை இல்லை. மேலே சொன்ன ஆள்பிடிகாரர்கள் கதை அங்கேயே முடிகிறது. அண்ணன் பாம்பினோ அறிமுகமாகும் காட்சியிலும் துப்பாக்கி வெடிக்கிறது, ஆட்கள் விழுகிறார்கள். இந்தப் படம் வன்முறை கௌபாய் படமாகத் தொடங்கி, போகப்போகத் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கையால் அடிக்க ஆரம்பிக்கிறது. கடைசிப் பெரிய சண்டையில் முழுக்க முழுக்க முஷ்டிதான். அந்த மாற்றம் ஒரே படத்துக்குள் நம் கண் முன்னால் நடப்பதைப் பார்ப்பதே தனி சுவாரசியம்.

ஏன் இந்த மாற்றம் அவ்வளவு பிடித்தது? 1964ல் இயக்குநர் செர்ஜியோ லியோனி தொடங்கி வைத்த இத்தாலிய கௌபாய் பட அலைக்குப் பிறகு இத்தாலியத் தியேட்டர்களில் ஆறு வருடமாகப் பிணங்கள் குவிந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு படமும் முந்தையதைவிடக் கொடூரமாக இருக்கப் பார்த்தது. அந்த நேரத்தில் பொளேரென்று ஒரு அறை, விழுந்தவன் எழுந்து மறுபடி வாங்கிக்கொள்கிறான் என்றால், குடும்பத்தோடு போகலாம் என்று ஜனங்கள் தைரியமாகக் கிளம்பினார்கள். அடியின் சத்தத்தையும் கவனியுங்கள். நிஜத்தில் எந்த அறையும் அப்படிக் கேட்காது. வலிக்கவில்லை என்று நமக்குச் சொல்வதற்காகவே அந்தச் சத்தம்.

சரி, பிள்ளைகளுக்குக் காட்டலாமா? கொஞ்சம் பெரிய பிள்ளைகள் என்றால் தாராளமாக. அருவியில் பெண்கள் குளிக்கும் காட்சி ஒன்றும், இந்தச் சகோதரர்களின் அம்மா செய்யும் தொழிலைப் பற்றிய வசனங்களும் உண்டு. முதலில் நீங்கள் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கவுண்டமணி–செந்தில் கணக்கில் ஜோடியைப் பார்ப்பது

ஒல்லி ஒருவன், பருமன் ஒருவன் என்றதும் நம் ஊர் மனது ஒருவர் திட்ட மற்றவர் அடிவாங்கும் காட்சிக்குத் தயாராகிவிடும். இங்கே அது கிடைக்காது. டிரினிட்டியும் பாம்பினோவும் ஒருவர் மேல் ஒருவர் கைவைப்பதைவிட, சேர்ந்து அடுத்தவரை அடிப்பதுதான் அதிகம். இருவருக்கும் நடுவே இருப்பது அண்ணன் தம்பிக்கு இடையிலான சலிப்பு.

பாம்பினோ ஒரு குதிரைத் திருடன். நிஜ ஷெரிஃபை (ஊர்க் காவல் அதிகாரி) முடமாக்கிவிட்டு அவருடைய நட்சத்திர பேட்ஜைக் குத்திக்கொண்டு ஊர் ஷெரிஃபாக உட்கார்ந்திருக்கிறான். கூட்டாளிகள் வந்து சேர்ந்ததும் மேஜர் ஹாரிமனின் குதிரைகளை ஓட்டிக்கொண்டு போவது திட்டம். அதுவரை தொந்தரவில்லாமல் இருந்தால் போதும் அவனுக்கு. சரியாக அந்த நேரத்தில் தம்பி வந்து நிற்கிறான். தம்பிக்கோ பக்கத்துப் பள்ளத்தாக்கில் குடியேறியிருக்கும் இரண்டு பெண்களின் மேல் கண். மேஜர் அந்தக் குடியேறிகளைத் துரத்தப் பார்க்கிறான். ஆக, திருடனான அண்ணன், தன் ஆசைக்கு மாறாக, நல்லது செய்ய நேர்கிறது. பட் ஸ்பென்சரின் முகத்தில் ஒவ்வொரு நல்ல காரியத்துக்கும் ஒரு எரிச்சல் ஏறுவதைப் பாருங்கள். படத்தின் சிறந்த நகைச்சுவை எனக்கு அந்தப் புருவத்தில்தான் இருக்கிறது.

அவருடைய இயற்பெயர் கார்லோ பெடர்சோலி, ஊர் நேப்பிள்ஸ். நீச்சல் வீரர். 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலை ஒரு நிமிடத்துக்குள் நீந்திய முதல் இத்தாலியர். 1952, 1956 ஒலிம்பிக் போட்டிகளில் கலந்துகொண்டவர். பருமனான ஆளை வைத்துச் செய்யும் வழக்கமான கேலி இவரிடம் எடுபடாததற்கு அது ஒரு காரணம். அந்த உடம்பு அசைவதே வேறு மாதிரி. பட் ஸ்பென்சர் என்ற பெயர் பட்வைசர் பியரிலிருந்து பாதி, அவருக்குப் பிடித்த நடிகர் ஸ்பென்சர் டிரேசியிடமிருந்து பாதி. மரியோ ஜிரோட்டி என்ற டெரன்ஸ் ஹில் அவரோடு ஜோடி சேர்ந்ததும் தற்செயல்தான். 1967ல் 'காட் ஃபர்கிவ்ஸ், ஐ டோன்ட்' படத்தின் நாயகன் காலை உடைத்துக்கொள்ள, அந்த இடத்துக்கு வந்தவர் ஹில்.

கையில் கிடைத்த பிரதியைப் பார்ப்பது

இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். படம் அகலத்திரையில் எடுக்கப்பட்டது. திரையின் ஒரு ஓரத்தில் ஒருவன் ஏதோ செய்ய, மறு ஓரத்தில் இன்னொருவன் முகம் மாறும். பழைய டிவி அளவுக்கு இரண்டு பக்கமும் வெட்டிய மங்கலான பிரதிகள் இணையத்தில் ஏராளம். அவற்றில் பாதி நகைச்சுவை திரைக்கு வெளியே போய்விட்டது. காட்சியில் ஆட்களின் தோள் பாதியில் வெட்டுப்பட்டால் அந்தப் பிரதியை அப்படியே மூடிவிடுங்கள்.

மொழி விஷயத்தில் ஒரு வீண் கவலை உண்டு. 'டப்பிங் வேண்டாம், அசல் மொழியில்தான் பார்ப்பேன்' என்பவர்களுக்கு இங்கே அசல் என்று பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. அந்தக் காலத்து இத்தாலியப் படங்களில் குரலை எல்லாம் பிற்பாடுதான் சேர்ப்பார்கள். மேஜராக வரும் ஃபார்லி கிரேஞ்சர், ஹிட்ச்காக் படங்களில் நடித்த அமெரிக்கர். பட் ஸ்பென்சர் இத்தாலியர்தான், ஆனாலும் இத்தாலியப் பதிப்பில் கேட்பது அவர் குரல் இல்லை, கிளாக்கோ ஒனோராட்டோ என்பவருடையது. அதனால் உதடு ஒட்டவில்லை என்று அலுத்துக்கொள்ள வேண்டாம். இத்தாலியக் குரலோ ஆங்கிலக் குரலோ, எது காதுக்கு இதமோ அதைப் போட்டுக்கொள்ளலாம். ஜெர்மன் டப்பிங் தனிக் கதை. இந்த ஜோடியின் படங்களுக்கு ரைனர் பிராண்ட் போன்றவர்கள் வசனத்தை இஷ்டத்துக்கு மாற்றி, உதடு தெரியாத இடத்தில் எல்லாம் நக்கலைச் செருகிவிட்டார்கள். ஜெர்மானியர்களுக்கு இன்றும் அதுதான் உயிர்.

பெயரையும் பார்த்து எடுங்கள். டிரினிட்டி சக்கைப்போடு போட்டதும், சம்பந்தமே இல்லாத படங்களுக்கெல்லாம் அந்தப் பெயரை ஒட்டிவிட்டார்கள். இதே ஜோடி 1969ல் நடித்த 'பூட் ஹில்' என்ற இறுக்கமான படம் 'டிரினிட்டி ரைட்ஸ் அகெய்ன்' என்ற பெயரிலும் உலவுகிறது. அதை இரண்டாம் பாகம் என்று நினைத்துப் போட்டால் சிரிப்புக்குப் பதில் குழப்பம்தான் மிஞ்சும். போதாக்குறைக்கு, பார்க்க இவர்களைப் போலவே இருக்கும் இன்னொரு ஜோடியைப் பிடித்து 'கரம்போலா' (1974) என்று ஒரு படமும் எடுத்தார்கள். அதில் பட் ஸ்பென்சர் மாதிரி இருக்கும் பால் ஸ்மித், பிற்பாடு 'பாப்பாய்' படத்தில் புளூட்டோவாக வந்தவர்.

தொடக்கத்தில் வரும் அந்த விசில் பாட்டை 'ஜாங்கோ அன்செயின்ட்' (2012) படத்தின் முடிவில் கேட்டுவிட்டு, அதே மாதிரி ரத்தக்களரியை எதிர்பார்த்து இங்கே வருபவர்களும் உண்டு. ஃபிராங்கோ மிக்கலிஸியின் அந்த இசை முதலில் ஒரு தூங்குமூஞ்சிக்காகப் போட்டது.

வரலாறு கற்றுக்கொள்வது

வேண்டவே வேண்டாம். பள்ளத்தாக்கில் குடியேறியிருப்பவர்கள் மார்மன்கள், அமெரிக்காவில் தோன்றிய ஒரு மதப் பிரிவினர். அவர்கள் கையை ஓங்கவே மாட்டோம் என்கிற சாதுக்கள் என்று படம் சொல்கிறது. நிஜ மார்மன்கள் 1840களில் இல்லினாயில் சொந்தப் படையே வைத்திருந்தவர்கள். 1857ல் அமெரிக்க ராணுவம் யூட்டாவுக்குக் கிளம்பியபோது எதிர்த்து நின்றவர்கள். சண்டையே கூடாது என்ற கொள்கை குவேக்கர்கள் என்ற வேறொரு கிறிஸ்தவப் பிரிவினருடையது. பலதார மணத்தை மட்டும் மார்மன்களிடமிருந்து எடுத்துக்கொண்டு, இரண்டு சகோதரிகளையும் ஒருசேர நேசிக்கும் டிரினிட்டிக்கு வசதி செய்து கொடுத்துவிட்டார்கள். அவர்களோடு தங்கினால் வயலில் வேலை செய்ய வேண்டும் என்று தெரிந்ததும் அவன் முகம் போகும் போக்கு இருக்கிறதே, அதற்காகவே இந்தப் பிழையை மன்னிக்கலாம்.

அடுத்து என்ன பார்ப்பது

நேரடி இரண்டாம் பாகம் 1971ல் வந்தது: 'டிரினிட்டி இஸ் ஸ்டில் மை நேம்'. வசூலில் முதலாவதைத் தாண்டியது, கதையில் முதலாவதைவிட மெலிந்தது. சீட்டாட்ட மேசையில் எதிராளி துப்பாக்கியைத் தொடுவதற்குள் ஹில் அவனை அறைந்து முடிக்கும் காட்சிக்காகப் பார்க்க வேண்டும். ஆனால் முதல் படத்தைத் தவிர்த்துவிட்டு இதில் தொடங்காதீர்கள். அதன்பின் 'மை நேம் இஸ் நோபடி' (1973). லியோனியின் யோசனையில் டோனினோ வலேரி இயக்கியது. ஹென்றி ஃபாண்டா பழைய கௌபாயாகவும் ஹில் புதுசாகவும் எதிரெதிரே வருகிறார்கள். சிரிப்பு குறைவு, படம் அருமை.

லயன் காமிக்ஸில் லக்கி லூக் படித்து வளர்ந்தவர்கள், ஹில் 1991ல் தானே இயக்கி லக்கி லூக்காக நடித்த படத்தைத் தேடி ஓடுவார்கள். ஓடலாம், ஆனால் அதில் தொடங்க வேண்டாம். காமிக்ஸின் துள்ளலும் அதில் குறைவு, பட் ஸ்பென்சரும் இல்லை. அவர்கள் இருவரும் கடைசியாகச் சேர்ந்தது 1994ல், 'டிரபிள்மேக்கர்ஸ்' என்ற கிறிஸ்துமஸ் கௌபாய் படத்தில். வயதாகிவிட்ட அண்ணன் தம்பி, அதே எரிச்சல், அதே அடி. முதல் இரண்டு டிரினிட்டி படங்களையும் பார்த்து முடித்தவர்கள் அதை ஒரு மழைநாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.